எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் நடுவே ஒரு பகல்

தென்னாட்டு இரயில் பயணத்தின் வரலாற்றை எழுதியோர் பாதை இடப்பட்ட ஆண்டுகளையும் பாலங்களின் நீளத்தையும் கம்பெனிகளின் கணக்குகளையும் விரிவாகக் குறித்திருக்கிறார்களே தவிர, நெடும்பயணத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு வண்டியை விட்டு இறங்கி மறுவண்டிக்குக் காத்திருந்த பயணிக்குச் சென்னையில் கிடைத்த ஒற்றைப் பகலுக்கு அதிக இடம் தந்ததில்லை. ஊர்ப்புறங்களில் ‘பட்டணம் பார்த்தல்’ என்று வழங்கிய வழக்கம் பெருமளவுக்கு அந்தப் பகலில் பிறந்ததே ஆகும். பட்டணம் என்ற பொதுச்சொல் இங்கே சென்னப்பட்டணத்தையே குறிக்கும். பார்த்தல் என்பதும் உறவினர் வீட்டில் வந்து தங்கிச் செல்வதையோ பிழைப்புத் தேடி வருவதையோ குறிக்காமல், காலையில் இறங்கி, மூட்டையை எங்கேனும் ஒப்படைத்துவிட்டோ தோளிலே சுமந்துகொண்டோ, மாலை வண்டிக்குள் கண்டு முடித்ததைக் கண்டு திரும்புவதைக் குறிக்கும். பட்டணத்தில் எவையெவை பார்க்கத்தக்கவை என்பதைத் தீர்மானித்ததில் கலைச்சிறப்புக்கும் பழம்பெருமைக்கும் இருந்த பங்கைவிட, இரண்டு இரயில் நிலையங்களுக்கு இடைப்பட்ட நடைதூரத்துக்கும் வண்டிகளின் நேரத்துக்கும் இருந்த பங்கே பெரிது. அந்த நடைதூரத்தின் மையம் ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் எழும்பூரிலிருந்து தாம்பரத்தை நோக்கி நகர்ந்திருப்பதால், பல்லாவரம், பம்மல், வண்டலூர் முதலிய தென்புறநகர் ஊர்கள் இந்த வரலாற்றின் ஓரத்தில் தொடங்கி அதன் நடுவுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

இரயிலுக்கு முற்பட்ட காலத்தில் இத்தகைய பகல் ஒன்று இருந்திருக்க வழியில்லை. சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி, 1830 மே 18 அன்று காசிக்குப் புறப்பட்டு 1831 செப்டம்பர் 3 அன்று திரும்பியதைத் தெலுங்கில் எழுதிவைத்திருக்கிறார்; பல்லக்குத் தூக்குவோர், காவலர், சமையற்காரர், உறவினர் என ஏறத்தாழ 100 பேர் அடங்கிய பரிவாரத்தோடு அவர் சென்றார். வழிப்பறிக்கும் நோய்க்கும் அஞ்சிய அந்நாளில் தொலைப்பயணம் என்பது கூட்டத்தின் செயலாகவே இருந்தது. தனியொருவர் யாத்திரை போவதென்றால் அவர் துறவியாகத்தான் இருக்கவேண்டும். இரயில் வண்டி வேகத்தைத் தந்ததைப் பற்றி எல்லோரும் பேசுவதுண்டு. ஆனால் அது தந்தவற்றுள் தனிமையும் ஒன்று. சீட்டு வாங்கிய எவரும், உடன் வர ஒருவரும் இல்லாமலேயே, அறிமுகமற்ற நூறு பேரின் நடுவில் பாதுகாப்பாக அமர்ந்து காசிவரை போய்வரலாம் என்ற நிலை தமிழருக்குப் புதிது.

இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று ஓடிய முதல் வண்டியில் தொடங்கிய மெட்ராஸ் இரயில்வே, 1871இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. 1873இல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. இந்தப் பாதைகள் அகலப்பாதைகள், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே ஐந்தரை அடி இடைவெளி உடையவை. தென்மாவட்டங்களுக்குப் பாதை இட்ட தென்னிந்திய இரயில்வே கம்பெனியோ, செலவைக் குறைக்கும் பொருட்டு ஒரு மீட்டர் இடைவெளி கொண்ட குறுகிய பாதையைத் தேர்ந்தது. அதன் வண்டிகளுக்கு ஹென்றி இர்வின் வடிவமைப்பில், ஒப்பந்தக்காரர் தி. சாமிநாத பிள்ளை கட்டிய எழும்பூர் நிலையம் 1908 ஜூன் 11 அன்று திறக்கப்பட்டது. ஒரு பாதையின் பெட்டி மற்றொரு பாதையில் உருளாது. ஆகவே சென்னை வழியே வடக்கிலிருந்து தெற்கே சென்ற எவரும் சென்ட்ரலில் இறங்கி, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் கடந்து, எழும்பூரில் மறுபடியும் ஏறவேண்டியிருந்தது. இரு கம்பெனிகளின் கணக்குப் புத்தகங்கள் ஏற்படுத்திய இந்த முறிவுதான் பட்டணம் பார்த்தலுக்கு அடித்தளம். பாதை ஒன்றாகவே இருந்திருக்குமானால், பயணிகளில் பெரும்பாலோர் சென்னையைத் தூக்கத்திலேயே தாண்டிப் போயிருப்பர்.

இம்முறிவால் மிகுதியாகப் பாதிக்கப்பட்டவரும் மிகுதியாகப் பயன்பெற்றவரும் காசி யாத்திரிகரே ஆவர். இராமேசுவரத்து மணலைக் காசிக்குக் கொண்டுசென்று கங்கையில் சேர்த்து, கங்கை நீரை அடைத்த செம்போடு திரும்பி இராமேசுவரத்தில் அபிடேகம் செய்தால்தான் யாத்திரை நிறைவுறும் என்பது மரபு. எனவே காசியிலிருந்து திரும்பும் தமிழருக்குச் சென்னை யாத்திரையின் முடிவாக அமையாமல், முடிவுக்கு முந்திய நிறுத்தமாக அமைந்தது. கடமையில் பெரும்பகுதி முடிந்து, கையிருப்பில் சிறுபகுதி எஞ்சி, மனம் இலேசான நிலையில் அவர் சென்ட்ரலில் இறங்கினார். தெற்கே போகும் நெடுந்தூர வண்டிகள் பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் புறப்பட்டன. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை சென்று அங்கிருந்து கப்பலில் தலைமன்னாருக்கு ஆள் ஏற்றிய போட் மெயில், யாத்திரிகரோடு இலங்கைத் தமிழரையும் இந்தப் பகலுக்குள் கொண்டுவந்து சேர்த்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை அத்தொடர்பு நீடித்தது.

தனியாளாக வந்தவருக்கு முதற்கவலை மூட்டை. இரண்டாவது கவலை சோறு. சென்ட்ரலுக்கு எதிரே சவலை இராமசாமி முதலியார் கட்டுவித்த சத்திரம் இத்தகையோரை எண்ணியே எழுந்தது. நிலையத்திலேயே பொருள்களை ஒப்படைத்துச் சீட்டுப் பெறும் ‘கிளாக் ரூம்’ வசதி பரவியபின், கங்கைச் செம்பை மட்டும் கீழே வைக்க மனமில்லாதோர் அதைக் கையோடு எடுத்துச் சென்றிருக்கலாம். சோற்றைப் பொறுத்தவரை, பசி ஒன்றாயினும் பந்தி ஒன்றாக இல்லை. தென்னிந்திய இரயில்வேயின் உணவுச்சாலைகளில் ‘பிராமணாள்’, ‘இதராள்’ என்ற இருவேறு பலகைகள் தொங்கின. பெரியார் தொடர்ந்து நடத்திய எதிர்ப்பின் விளைவாக 1941இல்தான் அப்பிரிவு நீக்கப்பட்டது. வண்டிப் பெட்டிக்குள் யார் அருகில் யார் அமர்வது என்பதைத் தீர்மானிக்காத இரயில்வே, நிலையத்தில் இறங்கியவுடன் அதைத் தீர்மானிக்க முற்பட்டது விந்தையே.

இவ்வாறு மூட்டையும் வயிறும் ஒழுங்குபட்ட பின்னர் பயணி போகக்கூடிய இடங்களுள் முதலிடம் பெற்றவை இரண்டு ‘காலேஜு’கள். எழும்பூர் பாந்தியன் சாலையிலுள்ள அரசு அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், சென்ட்ரலை அடுத்திருந்த பீப்பிள்ஸ் பார்க்கின் விலங்குக் காட்சிசாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் மக்கள் அழைத்தனர். பாடம் செய்து வைத்த விலங்குகளுக்கும் உயிருள்ள விலங்குகளுக்கும் இடையிலான வேறுபாட்டை இரண்டே சொற்களில் வரையறுத்த இப்பெயர்களை வெறும் வேடிக்கையாகக் கொள்வோர் உண்டு. ஆனால் ‘காலேஜ்’ என்ற சொல்லுக்கு வரலாற்று வேர் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்கு நாட்டுமொழிகளைக் கற்பிக்க 1812இல் நிறுவப்பட்ட புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி, எல்லிஸ் என்பார் தமிழ், தெலுங்கு, கன்னட மொழிகளின் உறவை 1816இல் எடுத்துக்காட்டிய ஆய்வுச் சூழலுக்கு இடமாக இருந்தது. மெட்ராஸ் இலக்கியக் கழகம் ஒப்படைத்த சுமார் 1,100 நிலவியல் மாதிரிகளோடு 1851இல் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டபோது, அது அந்தக் கல்லூரிக் கட்டடத்தின் மாடியிலேயே இடம்பெற்றது. 1854 இறுதியில்தான் பாந்தியன் கட்டடத்துக்கு மாறியது. இடம் மாறியபோதும் பெயர் மாறவில்லை என்று கொள்ள இது தக்க சான்றாகும். மொழி கற்பித்த கல்லூரி மறைந்துபோக, அதன் பெயர் மட்டும் திமிங்கில எலும்புக்கூட்டின்மேல் ஒட்டிக்கொண்டு இன்னும் ஒரு நூற்றாண்டு வாழ்ந்தது.

உயிர் காலேஜும் செத்த காலேஜின் வயிற்றில் பிறந்ததே. அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளரான மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர், அங்கே உயிரோடு வைக்கப்பட்டிருந்த சிறுத்தையையும் புலியையும் காணவே கூட்டம் பெருகுவதைக் கண்டு, 1855இல் அவ்வளாகத்திலேயே விலங்குக் காட்சிசாலையைத் தொடங்கினார். ஆர்க்காட்டு நவாபின் விலங்குகளும் அதில் சேர, மறு ஆண்டுக்குள் எண்ணிக்கை 300ஐக் கடந்தது. 1860களின் தொடக்கத்தில் அது ஆளுநர் டிரெவெல்யன் அமைத்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றப்பட்டது. சென்ட்ரல் நிலையம் அதன் அருகிலேயே அமைந்ததும், எழும்பூர் நிலையம் அருங்காட்சியகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் அமைந்ததும் திட்டமிட்டு நிகழ்ந்தவை அல்ல. ஆயினும் விளைவு ஒன்றே: உயிர் காலேஜ் இறங்கும் நிலையத்தின் வாசலிலும் செத்த காலேஜ் ஏறும் நிலையத்தின் வாசலிலும் வாய்த்தன, இரண்டையும் கண்டவர் தாம் அறியாமலேயே நிலையம் மாறும் வேலையையும் முடித்துவிட்டார்.

இவ்விரண்டுக்கும் நடுவில் 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் இருந்தது. ஊருக்கு வாங்கிச் செல்லவேண்டிய பொம்மை, பழைய புத்தகம், கூண்டுப் பறவை முதலியன அங்கே கிடைத்தன. மேலும் பொழுது இருந்தால், 1895 மே மாதம் முதல் ஓடத்தொடங்கிய மின் டிராம் வண்டி கடற்கரைப் பக்கம் கொண்டுசென்றது. உயர்நீதிமன்றக் கோபுரத்தின்மேல் 1894இல் ஏற்றப்பட்ட கலங்கரை விளக்கமும், மெரினாவில் 1909 முதல் 1942 வரை இயங்கிய மீன் காட்சிசாலையும் அப்பக்கத்து அதிசயங்கள். 1959இல் மவுண்ட் ரோட்டில் எழுந்த எல்.ஐ.சி. கட்டடம் வரிசையில் பிற்பாடு சேர்ந்தது. அண்ணாந்து பார்ப்பதற்குச் சீட்டு வேண்டியதில்லை என்பதும் அதன் புகழுக்கு ஒரு காரணம். மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலும் திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலும் இவற்றைவிடப் பழமையும் பெருமையும் உடையனவாயினும், இராமேசுவரமும் காசியும் கண்டு திரும்பியவருக்கு இன்னொரு கோயிலைவிட ஒரு புலியே பெரிதாகத் தோன்றியிருந்தால் வியப்பதற்கில்லை.

பம்மல் என்ற ஊர்ப்பெயர் பட்டணம் பார்க்க வந்தோர் செவியில் விழுந்ததும் இந்த நடைதூரத்துக்குள்தான். பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் செல்லும் சாலையிலுள்ள அச்சிற்றூரைத் தம் பெயரின் முன்னே தாங்கிய பம்மல் சம்பந்த முதலியார் 1873இல் சென்னையில் பிறந்தவர்; 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர். சபை என்பது தொழில்முறை நாடகக் கம்பெனி போலன்றி, வழக்கறிஞரும் அலுவலரும் ஓய்வுநேரத்தில் நடிக்கக் கூடிய பயில்முறைக் குழுவாகும். அச்சபை நாடகம் நடத்திய விக்டோரியா பப்ளிக் ஹால் சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே இருந்தமையால், வண்டி பிடிக்க வந்தவரின் கண்ணில் ‘பம்மல்’ என்ற பெயர் தாங்கிய அறிவிப்பு பட்டிருக்கக்கூடும். இரயிலோ அப்பெயரில் எந்த நிலையத்திலும் நின்றதில்லை, இன்றும் நிற்பதில்லை. நீதிபதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற அவர் பின்னாளில் சிவாலயங்களைப் பற்றியும் அவற்றின் சிற்பங்களைப் பற்றியும் நூல்கள் எழுதியதை, நாடகக்காரரின் புகழ் மறைத்துவிட்டது.

தெற்கேயிருந்த ஊர்கள் ஒருபகல் பயணியின் கைக்கு எட்டும்படி ஆனது 1931இல். கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை ஏறத்தாழ 29 கிலோமீட்டர் மீட்டர் பாதை மின்மயமாக்கப்பட்டு, அவ்வாண்டு மே 11 முதல் மின்வண்டிகள் ஓடின. சென்ட்ரலுக்கு எதிரேயுள்ள பூங்கா நிலையத்தில் ஏறினால் அடுத்த நிறுத்தம் எழும்பூர். நிலையம் மாறுவதற்கு ஜட்கா வண்டிக்காரரோடு பேரம் பேசவேண்டிய தேவை குறைந்ததோடு, கிண்டியும் பரங்கிமலையும் பல்லாவரமும் அடிக்கடி ஓடும் வண்டிகளால் பகலின் எல்லைக்குள் வந்தன. பரங்கிமலை உச்சியிலிருந்து நகரைப் பார்ப்பதற்கு ஆர்மீனிய வணிகர் பெத்ரூஸ் உஸ்கான் 18ஆம் நூற்றாண்டில் அமைத்த படிகள் ஏற்கெனவே காத்திருந்தன. இரயில்வேயும் இதில் அக்கறை காட்டியது. தென்னிந்திய இரயில்வே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வெளியிட்ட படவிளக்க வழிகாட்டி நூல், நிலையம் நிலையமாகச் சத்திரம், வாடகை வண்டி, காணத்தக்க இடம் ஆகியவற்றைத் தந்தது. ஆனால் அந்நூல் ஆங்கிலத்தில் அச்சானது. மூன்றாம் வகுப்புக் காசி யாத்திரிகருக்கு வழிகாட்டியது சத்திரத்துத் திண்ணைப் பேச்சே என்பதை மறக்கலாகாது.

பல்லாவரம் இவற்றுள் தனிக்கவனம் பெறவேண்டிய ஊர். பல்லவர்புரம் என்ற பெயரின் மருவாகக் கருதப்படும் அவ்வூரில் முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப்பெயர்கள் பொறித்த குடைவரை உள்ளது. அது இப்போது தர்காவாக வழிபாட்டில் இருக்கிறது. 1863 மே 30 அன்று நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபுட், பல்லாவரத்துப் படைப்பயிற்சித் திடலருகே சரளைக் குழியொன்றில் பழங்கற்காலக் கைக்கோடரியை, அதாவது கைப்பிடி இன்றிக் கையால் பற்றிப் பயன்படுத்தும்படி செதுக்கிய கல்லைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அக்கல்லிலிருந்து தொடங்குவதாகவே கருதப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அவ்வூரில் தோண்டியபோது, வரிசையான குட்டைக் கால்கள் கொண்ட சுடுமண் ஈமப்பேழைகள், அதாவது இறந்தோரின் எலும்புகளை இட்டுப் புதைக்கும் நீள்வடிவப் பெட்டிகள் கிடைத்தன. ஃபுட் திரட்டிய கற்கருவிகளின் பெருந்தொகுப்பை எழும்பூர் அருங்காட்சியகம் 1904இல் வாங்கியது. ஈமப்பேழையும் அங்கேயே போய்ச் சேர்ந்தது. தெற்கிலிருந்து வந்தவர் பல்லாவரத்தைச் சன்னல் வழியே கவனிக்காமல் கடந்து, அதன் மிகப் பழைய செல்வத்தைக் காண எழும்பூரில் இறங்கவேண்டியதாயிற்று. அவர் சன்னலில் கண்டதெல்லாம் வேறு: 1912இல் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் பெயர்பெற்ற குரோம்பேட்டை, நாகல்கேணி, பம்மல் பகுதிகளில் பெருகிய ‘தோல் ஷாப்பு’ எனப்படும் பதனிடும் கூடங்கள், காசநோய் மருத்துவமனையால் ‘சானடோரியம்’ என்றே பெயரான நிலையம். மரப்பட்டைச் சாற்றுக்கு மாற்றாகக் குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முறை ஓர் இரயில் நிலையத்துக்குப் பெயராவது வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காதது.

பட்டணம் பார்த்தலின் பழைய வட்டத்தை உடைத்தது 1985ஆம் ஆண்டு. மே 30 அன்று மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. இரு மாதம் நிறைவதற்குள், ஜூலை 24 அன்று, தாம்பரத்துக்குத் தெற்கே வண்டலூர்க் காப்புக்காட்டில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவை முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்துவைக்க, உயிர் காலேஜ் சென்ட்ரலின் வாசலை விட்டு அகன்றது. மார்க்கெட் நின்ற இடத்தில் எழுந்தது புறநகர் இரயில் நிலையம். ‘மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்’ என்ற பெயரில் மட்டும் பழைய கடைத்தெரு எஞ்சியிருக்கிறது. காட்சியிடங்களுக்கு ஆள் சேர்த்த இரயில்வேயே அவற்றின் நிலத்தை உண்டது என்பதில் ஒரு நியாயமும் உண்டு, ஒரு கொடுமையும் உண்டு. செத்த காலேஜ் நகரிலும் உயிர் காலேஜ் முப்பது கிலோமீட்டருக்கு அப்பாலும் பிரிந்துவிட்டதால், இரண்டையும் ஒரே பகலில் காண்பது கடும் உழைப்பாயிற்று. ஒன்றுக்கு வெள்ளிக்கிழமையும் மற்றதற்குச் செவ்வாய்க்கிழமையும் விடுமுறை என்பதை அறியாது வந்தவரின் பாடு அதனினும் கடிது. சேலையூரில் 1960களின் இறுதியில் உரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய பாம்புப் பண்ணை, 1972இல் கிண்டிக்குப் போய்ப் புகழ்பெற்றது நினைக்கத்தக்கது: அக்காலத்தில் பார்வையாளரைத் தேடிப் புறநகரிலிருந்து நகருக்குச் செல்லவேண்டியிருந்தது; பதின்மூன்றே ஆண்டுகளில் திசை மாறியது.

பின்னர் பாதையின் முறிவே மறைந்தது. 1990களில் தெற்குப் பாதைகள் அகலப்பாதைகளாக மாறத்தொடங்கின. 2004 ஜூலை 1 அன்று தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே கடைசி மீட்டர் பாதை மின்வண்டி ஓடி நின்றது. 2018இல் தாம்பரம் சென்னையின் மூன்றாவது முனையமாயிற்று. 2021 நவம்பரில் பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம் முதலிய நகராட்சிகளை இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது, அதன்மேல் தொடங்கிவைக்கப்பட்ட புதிய விரைவு வண்டி இராமேசுவரத்தையும் தாம்பரத்தையும் இணைத்தது. போட் மெயில் காலத்து யாத்திரிகருக்கு எழும்பூர் எதுவாக இருந்ததோ, அதுவாக இப்போது தாம்பரம் இருக்கிறது.

பயணத்தை இடையில் நிறுத்தும் உரிமை இரயில்வே விதிகளில் இன்றும் உண்டு. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சீட்டு வைத்திருப்பவர் அத்தூரத்தைக் கடந்தபின் ஓரிடத்தில் இறங்கி இரண்டு நாள் வரை தங்கிச் செல்லலாம். முன்பதிவுக் காலத்தில் இதைப் பயன்படுத்துவோர் அருகிவிட்டனர். ஆனால் தாம்பரத்தில் விடியலில் இறங்கும் தனிப்பயணிக்குப் புதியதொரு வட்டம் உருவாகியிருக்கிறது. குன்றத்தூர், மாங்காடு, போரூர், கோவூர், கெருகம்பாக்கம், கொளப்பாக்கம், சோமங்கலம், பூவிருந்தவல்லி, பொழிச்சலூர் ஆகிய ஒன்பது ஊர்க் கோயில்களை நவக்கிரகத் தலங்களாக ஒரே நாளில் சுற்றும் வழக்கம் பரவியபின், பல்லாவரத்தில் இறங்கிப் பம்மல் வழியே பொழிச்சலூருக்கும் சேக்கிழார் பிறந்த குன்றத்தூருக்கும் செல்லும் பேருந்துகளில் கைப்பையோடு ஏறுவோரைக் காணலாம். காசி கண்டவருக்குப் புலியைக் காட்டிய பகல், இப்போது கோயிலைக் காட்டத் திரும்பியிருக்கிறது.

இராமேசுவரத்திலிருந்து தாம்பரம் வந்து, சென்ட்ரலில் வடக்கு வண்டி ஏறவேண்டியவர் இன்றும் ஒருமுறை நிலையம் மாறவேண்டும். தாம்பரத்தில் மின்வண்டி ஏறி, சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் கடந்து, பூங்கா நிலையத்தில் இறங்கிச் சாலையைத் தாண்டினால் சென்ட்ரல். பூங்காவுக்கு ஒரு நிறுத்தம் முன்னதாக எழும்பூரில் இறங்கிச் சிறிது நடந்தால், சற்று முன் அவர் கடந்துவந்த பல்லாவரத்தின் ஈமப்பேழை குட்டைக் கால்களை ஊன்றி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அன்று வெள்ளிக்கிழமையாக இருந்தால் மட்டும் வாயில் அடைத்திருக்கும்.